புரொடக்ஷன் மேனேஜர் ஆவது எப்படி? வட சென்னைப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டைக்காரி. மேடை நாடகத்தில் ஆரம்பித்து, விளம்பரப் படம், சினிமா, வெப் சீரிஸ் என்று பன்னிரண்டு வருடமாகத் தயாரிப்பு நிர்வாக வேலை பார்க்கிறேன். ஏரியாவில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் "அக்கா, இந்த வேலைக்கு எப்படி வர்றது?" என்று நிறுத்திக் கேட்கிறார்கள். நின்றபடி சொன்னதையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

புரொடக்ஷன்னா டீ, சாப்பாடு பார்க்கிற வேலைதானே அக்கா?

நம் ஊரில் 'புரொடக்ஷன்' என்று கூப்பிட்டால் டீ ஃபிளாஸ்க்கோடு ஒருவர் ஓடி வருவார், அதனால் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. அவர்கள் இல்லாமல் எந்த ஷூட்டிங்கும் நடக்காது, அந்த வேலையில் தொடங்கி மேனேஜர் ஆனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் மேனேஜரின் வேலை வேறு. இயக்குநர் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வார், தயாரிப்பாளர் எவ்வளவு பணம் இருக்கிறது என்று சொல்வார், இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று "இந்தத் தேதியில், இந்த இடத்தில், இத்தனை பேரை வைத்து, இந்தப் பணத்துக்குள் முடித்துத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றுகிறவர்தான் மேனேஜர். ஸ்கிரிப்ட்டைப் பிரித்து ஷெட்யூல் போடுவது, பட்ஜெட் போடுவது, லொகேஷன், பெர்மிஷன், வண்டி, ரூம், பேட்டா (தினப்படி), கடைசியில் கணக்கு முடித்து ஃபைலைக் கட்டிக் கொடுப்பது வரை அவர் பொறுப்பு. சினிமாவில் தயாரிப்பு நிர்வாகி, மேனேஜர், கேஷியர் என்று படி இருக்கும், மேலே லைன் புரொடியூசர், எக்ஸிகியூட்டிவ் புரொடியூசர். நாடகத்தில் இதற்குப் பக்கத்து வேலை ஸ்டேஜ் மேனேஜர். பெயர் மாறும், வாக்கு ஒன்றுதான்.

இதுக்கு என்ன படிக்கணும்?

தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியை எல்லோரும் கேட்பார்கள். நல்ல இடம், கட்டணமும் குறைவு, ஆனால் அங்கே இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, அனிமேஷன் மாதிரிப் பாடங்கள்தான் பிரதானம். தயாரிப்பையே தனித்துறையாகப் படிக்க வேண்டுமென்றால் கொல்கத்தாவில் சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம், 1995ல் தொடங்கியது. சினிமா, டிவிக்கான தயாரிப்பு அங்கே தனிப் பிரிவு. டிகிரி முடித்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் பக்கத்திலிருந்து அதற்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை, அந்த ஆதங்கம் எனக்கு உண்டு. நாடகப் பக்கம் மனம் இருந்தால் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது.

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படித்தால் கேமரா, எடிட்டிங் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ டிகிரி படித்துக்கொண்டு, கணக்கு வழக்கை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, சனி ஞாயிறில் குறும்படத்துக்கும் நாடகத்துக்கும் வேலை செய்கிற பிள்ளை, மூன்று வருடத்தில் எனக்கு ரொம்பவும் பயன்படுகிற ஆளாக வருவான். என் டீமில் இன்று கணக்கு பார்க்கிற பெண் பி.காம். படித்தவள்தான். கேமரா பெயர் எல்லாம் செட்டில் கற்றுக்கொண்டாள், கணக்கை யாரும் செட்டில் உட்கார வைத்துச் சொல்லித் தர மாட்டார்கள்.

லட்ச ரூபாய் கட்டி மூணு மாச கோர்ஸ் சேரலாமா?

கடன் வாங்கிச் சேராதீர்கள். கையில் பணம் இருந்தாலும், பாடம் எடுப்பவர் கடைசியாக எந்தப் படத்துக்கு பட்ஜெட் போட்டார், மாணவர்கள் நிஜ செட்டில் எத்தனை நாள் நிற்பார்கள், போன வருடம் படித்தவர்களில் இரண்டு பேரின் நம்பர் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே பழக வழி இருக்கா?

இருக்கிறது, பைசா செலவில்லாமல். ஸ்கிரிப்ட் பிரேக்டவுன் பழகுங்கள், அதாவது ஒரு காட்சியைப் பிரித்து அதை எடுக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுவது. இந்த வேலைக்கு அரிச்சுவடியே அதுதான். காட்சியின் நீளத்தை அளக்க, ஒரு பக்கத்தை எட்டாகப் பிரித்து, ஒரு காட்சி எத்தனை எட்டில் ஒன்று என்று கணக்குப் போடுவார்கள். நான் ஒரு காட்சி எழுதித் தருகிறேன், நாலே வரி:

"காசிமேடு. விடியற்காலை. மீன் ஏலம் நடக்கிறது. மழை தூறுகிறது. செல்வி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து அப்பாவின் செருப்பைக் கழுவுகிறாள்."

படிக்க பத்து விநாடி. இப்போது மேனேஜர் கண்ணால் படியுங்கள். விடியற்காலை என்றால் அந்த நீல வெளிச்சம் அரை மணி நேரம்கூட முழுசாக நிற்காது. அதனால் மூன்று மணிக்கே யூனிட் இறங்க வேண்டும், ஒரு காலையில் முடியாவிட்டால் மறுநாள் காலையையும் பட்ஜெட்டில் போட வேண்டும். ஏலம் என்றால் எது? நிஜ ஏலத்தில் கேமராவை நுழைத்தால் அவர்கள் பிழைப்பில் கை வைக்கிறோம், அங்கே ஒரு பெட்டி மீன் அஞ்சு நிமிஷம் தாமதித்தாலும் விலை இறங்கும். நாமே ஏலம் போடுவதாக இருந்தால் மீன், கூடை, ஐஸ், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள். மீனும் விளக்கும் சேர்ந்தால் மூன்றாவது மணி நேரத்தில் நாற்றம் எழும்பும், அதனால் டிபன் போடும் இடம் தள்ளி இருக்க வேண்டும். தேதி எது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது போனால் துறைமுகத்தின் முகமே வேறாக இருக்கும். மழை தூறுகிறது என்றால் தண்ணீர் லாரி, மழைக் குழாய், அப்புறம் செல்வியின் உடை ஒரே மாதிரி மூன்று செட், ஒவ்வொரு டேக்குக்கும் காய்ந்த உடை வேண்டும் இல்லையா? செருப்பும் மூன்று ஜோடி, மூன்றையும் ஒரே அளவுக்குத் தேய்த்துப் பழசாக்க வேண்டும். ஈரத் தரையில் மின்சாரக் கேபிள் ஓடுகிறது, அதை யார் தூக்கிக் கட்டுவது? செல்வியாக நடிக்கிற பெண் அந்த நேரத்தில் கழிப்பறைக்கு எங்கே போவாள்?

நாலு வரிக்கு இவ்வளவு. வாரம் ஒரு காட்சி, பிடித்த கதையிலிருந்து எடுத்து இப்படிப் பிரித்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வருடம் செய்துவிட்டு அந்த நோட்டோடு என்னைப் பார்க்க வந்தால் சர்டிஃபிகேட் கேட்க மாட்டேன்.

பட்ஜெட் போடுவது பற்றி?

பிரேக்டவுன் ஒழுங்காக வந்துவிட்டால் பட்ஜெட் பாதி முடிந்த மாதிரி. ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை, எத்தனை நாள், என்ன ரேட் என்று மூன்று கட்டம், அவ்வளவுதான். மொத்தத்தில் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு என்று ஒதுக்குவது வழக்கம், எந்தத் தயாரிப்பாளரும் முதலில் அதைத்தான் வெட்டச் சொல்வார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

கையில் காசை வைத்துக்கொண்டு வேலை செய்கிற தொழில் இது, அதனால் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். ஐயாயிரத்துக்கு மேல் ரசீது என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. தொழில்நுட்பக் கலைஞர் சம்பளத்தில் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பது வேறு, வண்டி கான்ட்ராக்டருக்குப் பிடிப்பது வேறு. வவுச்சரை அன்றிரவே எழுதுங்கள். "காலைல பார்த்துக்கலாம்" என்று படுத்தால், நாலு மணிக்குக் கொடுத்த ஆட்டோ காசு, 60 இட்லி கூடுதலாக வாங்கிய காசு எல்லாம் மறந்து, உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். திருடினார் என்ற பேச்சு மேனேஜர் மேல் வருவதில் பாதி, எழுதாமல் விட்ட வவுச்சரால்தான்.

வட சென்னைன்னு சொன்னா வாய்ப்பு கிடைக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பிள்ளைகள் குரலைத் தாழ்த்துகிறார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. முகவரியைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், நம் பக்கத்தைக் கத்தியும் ரத்தமுமாக மட்டும் காட்டிப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் நிஜத் தடை வேறு: தூரம். வேலையெல்லாம் வடபழனி, சாலிகிராமம், தி.நகர் பக்கம். காலை ஐந்து மணி 'கால் டைம்' என்றால், அதாவது ஐந்துக்கே செட்டில் நிற்க வேண்டுமென்றால், திருவொற்றியூரிலிருந்து மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு பகல் நேரத்துக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, விடியற்காலைக்கும் நள்ளிரவுக்கும் அது உதவாது. அதனால் வேலை பேசும்போதே பிக்கப் உண்டா என்று கேளுங்கள், கேட்பது தப்பே இல்லை.

நமக்கு இருக்கிற பலத்தையும் சொல்கிறேன். ஆர்ட் டிபார்ட்மெண்ட் மதியம் இரண்டு மணிக்கு "நாளைக்கு 40 மீட்டர் ஒரே நிறத் துணி, நாலு பெரிய கண்ணாடி, 200 பழைய மாதிரிக் கல்யாணப் பத்திரிகை வேண்டும்" என்று சொன்னால் மற்றவர்கள் ஆன்லைனில் தேடுவார்கள். நாம் துணிக்குக் கோடவுன் தெரு, கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெரு, பேப்பருக்கு ஆண்டர்சன் தெரு என்று நடந்தே முடித்துவிடுவோம். பாரிமுனை எப்போது அடைக்கும், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரிந்த ஆளுக்கு மதிப்பே தனி. தெருவில் கால்பந்து போட்டியோ கூழ் ஊற்றும் விழாவோ எடுத்து நடத்தியிருக்கிறீர்களா? வசூல், மைக் செட், பந்தல், போலீஸ் அனுமதி, சாப்பாடு, கடைசியில் வரவு செலவு வாசிப்பது என எல்லாம் செய்தவர் பாதி மேனேஜர். பயோடேட்டாவில் அதை எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள்.

நம்ம ஏரியாவில் ஷூட்டிங் நடத்த என்ன பார்க்கணும்?

அனுமதி இடத்துக்கு இடம் மாறும். தெரு என்றால் காவல்துறை, போக்குவரத்துக் காவல், மாநகராட்சி. ரயில் நிலையம் என்றால் தெற்கு ரயில்வே. ராயபுரம் நிலையம் 1856ல் திறந்தது, எல்லோருக்கும் அதன் தூண்கள்மேல் ஆசை. பெரம்பூர் பின்னி மில் மாதிரி தனியார் இடம் என்றால் உரிமையாளரிடம் வாடகை பேச வேண்டும். சினிமாக்காரர்கள் அங்கே எத்தனையோ செட் போட்டிருக்கிறார்கள்.

அனுமதித் தாள் கையில் இருந்தாலும் எனக்கு ஒருமுறை வேலை நின்றது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து, பார்க்க அழகு. ஸ்கூட்டியில் போய் லொகேஷன் பார்த்துவிட்டு வந்தேன். ஷூட்டிங் அன்று ஜெனரேட்டர் வண்டி தெருமுனையில் நின்றுவிட்டது, தலைக்குமேல் கேபிள் டிவி ஒயர்கள் தாழ்ந்து தொங்குகின்றன, ஒடித்துத் திருப்பவும் இடமில்லை. மெயின் ரோட்டிலேயே நிறுத்திக் கூடுதல் கேபிள் வரவழைக்க மூன்று மணி நேரம் ஆனது. 70 பேர் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அன்று முதல் என் பையில் அளவு டேப் இருக்கிறது. தெருவின் அகலம், ஒயரின் உயரம், வண்டி திரும்பும் இடம் மூன்றையும் எழுதுவேன், ஷூட்டிங் நடக்கப் போகிற அதே நேரத்தில் போய்ப் பார்ப்பேன். தண்ணீர் லாரி எப்போது வரும், பக்கத்துப் பள்ளி எப்போது விடும், கோயிலில் திருவிழா உண்டா, தெருவில் யார் வீட்டிலாவது துக்கமா என்று டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். முடித்துவிட்டுக் கிளம்பும்போது தெருவைப் பெருக்கிவிட்டுப் போங்கள். அடுத்த யூனிட்டுக்கு அந்தத் தெரு கதவைத் திறப்பதும் மூடுவதும் அதில் இருக்கிறது.

கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய சட்டம் எது?

முதலில் குழந்தைகள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை நடிக்கிறதென்றால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அந்த வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வைப்பாகப் போட வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு வந்த விதிகள் இவை. "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று இயக்குநர் கெஞ்சும்போது இல்லை என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான், தூங்கி விழுகிற பிள்ளைக்கு அங்கே வேறு யாரும் பேச மாட்டார்கள்.

காட்சியில் ஆடு, நாய் வந்தாலும் விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். திருவான்மியூரில் இருந்த வாரிய அலுவலகம் 2018ல் ஹரியானாவுக்குப் போய்விட்டது, அதனால் நாள் கணக்கைத் தாராளமாக வையுங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. டிரோன் என்றால் 2021 விதிகள்படி பதிவும், அந்த இடம் பறக்கத் தடையுள்ள மண்டலமா என்று மேப் பார்ப்பதும் கட்டாயம். துறைமுகமும் மின் நிலையமும் எண்ணெய் ஆலையும் இருக்கிற நம் பக்கம் மேப் பார்க்காமல் பறக்க விட்டால் அன்றைக்கே ஸ்டேஷனில் உட்கார வேண்டி வரும்.

பெண்களுக்கு ஒத்து வருமா அக்கா?

வரும், நான் இருக்கிறேனே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். இரவு பேக்கப் ஆனால் (ஷூட்டிங் முடிந்தால்) வீடு வரை வண்டி உண்டா, அவுட்டோரில் தனி ரூமா, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கென்று சட்டப்படி இருக்க வேண்டிய குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று சேரும்போதே கேளுங்கள். நான் மேனேஜர் ஆன பிறகு போட்ட முதல் விதி, கழிப்பறை உறுதியாகாமல் எந்த லொகேஷனையும் முடிவு செய்வதில்லை. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், இப்போது ஆண்களே முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஃபெப்சி கார்டு வேணுமா?

தமிழ் சினிமா செட்டில் நிலையாக வேலை செய்ய வேண்டுமென்றால் வேண்டும். ஃபெப்சி என்கிற தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சங்கம், தயாரிப்பு நிர்வாகிகளுக்கும் தனிச் சங்கம் உண்டு. சங்க அலுவலகத்தில் நேராகப் போய் விதிமுறை கேளுங்கள். "நான் வாங்கித் தர்றேன்" என்று இடையில் வருகிறவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். குறும்படம், நாடகம், இசை நிகழ்ச்சிக்கெல்லாம் கார்டு இல்லாமலே தொடங்கலாம்.

இங்கிலீஷ் வரலைன்னா?

செட்டில் தமிழ் போதும். ஓடிடி நிறுவனங்களோடு வேலை என்றால் தினசரி ரிப்போர்ட், செலவு ரிப்போர்ட், மெயில் எல்லாம் இங்கிலீஷில் கேட்பார்கள், ஆனால் அதில் வருகிற வார்த்தைகள் 200கூடத் தாண்டாது. ஆறு மாதத்தில் பிடிபடும்.

என்ன சாஃப்ட்வேர்?

எக்செல். அதை முழுசாகக் கற்றுக்கொண்ட பிறகு மூவி மேஜிக் (சினிமா ஷெட்யூலும் பட்ஜெட்டும் போடுவதற்கென்றே உள்ள சாஃப்ட்வேர்) பற்றிப் பேசலாம்.

சினிமா மட்டும்தானா?

இல்லவே இல்லை. 2023லிருந்து பொங்கலை ஒட்டி மறுபடியும் நடக்கிற சென்னை சங்கமம் மாதிரி விழாவில் ஒரே நேரத்தில் பல இடங்களில் மேடை போடுகிறார்கள், கலைஞர்களை ஊரிலிருந்து கூட்டி வந்து, தங்க வைத்து, நேரத்துக்கு மேடை ஏற்றி, ஊர் சேர்க்க வேண்டும், அதெல்லாம் நம் வேலைதான். கானா இன்று தெருமுனையிலிருந்து பெரிய மேடைக்கு வந்துவிட்டது. அந்தப் பாட்டுக்காரத் தம்பிகளுக்கு சவுண்ட் செக் நேரம், பேமெண்ட், பாட்டின் உரிமைத் தாள் எல்லாம் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் கிடைப்பதில்லை. எழுதியவருக்குக் காசு வராமல் பாட்டு மட்டும் ஊரெல்லாம் சுற்றுவதைப் பார்க்கிறோம் இல்லையா, பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கு ராயல்டி வசூலிக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு 1969லிருந்து இருக்கிறது. அதில் ஒரு தம்பியை உறுப்பினராகச் சேர்த்துவிட்டாலே நீங்கள் அவன் குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உதவி. இந்த இடத்துக்கு நம் பிள்ளைகள் வரவேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

வெளிநாட்டில் படிக்கலாமா?

பிரிட்டனில் நாடகத் தயாரிப்பு, மேடை நிர்வாகம் எல்லாம் டிகிரி படிப்பாகவே இருக்கிறது, லண்டன் கில்ட்ஹால் மாதிரி இடங்களில். செலவு நம் கைக்கு எட்டாதது. ஆனால் ஒரு வருட முதுகலைக்குச் செவனிங் என்று பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகை உண்டு, அதற்கு டிகிரியும் இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்கிறார்கள், மொத்தம் 2,800 மணி நேரம். ஆகவே செய்த வேலைக்கெல்லாம் தேதி, நேரம் போட்டு ஒரு லெட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் தராம ஏமாத்தினா?

எனக்கு நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு நிறுவனத்துக்கு 22 நாள் வேலை செய்தேன், கடைசி ஒன்பது நாள் காசு இன்றுவரை வரவில்லை. பேச்சு எல்லாம் போனில், என்னிடம் ஒரு தாள் இல்லை. இப்போது முதல் நாளுக்கு முன்பே வாட்ஸாப்பிலாவது தேதி, நாள் சம்பளம், பேட்டா, எப்போது தருவார்கள் என்று நானே எழுதி அனுப்பி "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுவேன். அப்புறம் வாரா வாரம் கேட்பேன். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

முதல் நாள் செட்டுக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?

வவுச்சர் புக், ரெவின்யூ ஸ்டாம்ப், இரண்டு பேனா, பட்டை மார்க்கர், டார்ச், அளவு டேப், பவர் பேங்க், தலைவலி மாத்திரை, சில்லறையாக ஐந்நூறு ரூபாய். எல்லோருடைய போன் நம்பரையும் ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள், போன் சார்ஜ் தீர்ந்தால் அந்தத் தாள்தான் துணை. கிளம்பும் முன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிடுங்கள், அன்றைக்கு உங்கள் தட்டு எல்லோருக்கும் கடைசியாகத்தான் வரும்.